மூச்சு வாங்குகிறதா? காரணம் ஒன்றா, இரண்டா?

சென்ற மாத நலவாழ்வு உரையை எழுத்திலும் தரும்படி பலர் கேட்டிருந்தீர்கள். நான் வைத்தியன் அல்ல, கணக்காளன். ஆனால் ஆஸ்துமாவும் இரத்தச்சோகையும் சேர்ந்திருக்கும் என் அக்காவை வீட்டில் வைத்துப் பார்த்து வருகிறேன். தாதிமாரிடம் கேட்டறிந்ததையே இங்கு தருகிறேன்.

இரண்டு வருத்தத்திலும் மூச்சு வாங்கும். சிக்கலே அங்கேதான். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. இழுப்புச் சத்தம், நெஞ்சிறுக்கம், இரவு இருமல் வரும். இரத்தச்சோகையில் குழாய் திறந்தே இருக்கும், ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபின்தான் குறைவு. படியேறினால் களைப்பு, படபடப்பு, தலைச்சுற்று. இதற்கு நீலப் பம்ப் உதவாது. அளவுக்கு மேல் இழுத்தால் படபடப்புக் கூடும்.

விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியை மட்டும் நம்பாதீர்கள். பத்து லொறி இருந்த கம்பனியில் ஐந்துதான் மிஞ்சியது என்று வையுங்கள். அந்த ஐந்தும் நிறையச் சரக்கு ஏற்றினால் கணக்கு 100 சதவீதம் என்றுதான் வரும். வந்து சேரும் சரக்கோ பாதி. இரத்தச்சோகையிலும் இதே கதைதான். எங்களைப் போன்ற கருந்தோலில் அந்த மானி சற்றுக் கூட்டியும் காட்டலாம். சரியான விடை இரத்தப் பரிசோதனையில்தான். லீற்றருக்கு ஆண்களுக்கு 130 கிராம், கர்ப்பமில்லாத பெண்களுக்கு 120 கிராம் என்பதற்குக் கீழே போனால் இரத்தச்சோகை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை:

இரும்பு மாத்திரையைத் தேநீர், பால், கல்சியம் மாத்திரையுடன் கொடுக்காதீர்கள். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். தோடம்பழச் சாறுடன் கொடுக்கலாம். மலம் கருமையாவது வழமை. தார்போல் ஒட்டினால் உடனே வைத்தியரிடம் போங்கள்.

தடுப்புப் பம்பைச் சுகமாக இருக்கும் நாளிலும் நிறுத்தக்கூடாது. பாவித்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

அஸ்பிரின், இபுபுரொஃபன் சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும், வயிற்றில் இரத்தக் கசிவையும் உண்டாக்கும். வலிக்கு வாங்குமுன் மருந்தாளரைக் கேளுங்கள். இதயத்துக்கென வைத்தியர் எழுதிய அஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இழுப்பு வந்தால் நிமிர்த்தி இருத்துங்கள். நீலப் பம்பை ஸ்பேசரில் ஒருமுறை அழுத்தி நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்தும் குறையாவிட்டால் 000 அழைத்து, உதவி வரும்வரை இதையே தொடருங்கள். பேச முடியாத அளவு திணறினால் காத்திராமல் உடனே அழையுங்கள்.

2016 நவம்பர் 21 அன்று மெல்பேர்ணில் இடிமழையோடு வந்த புல் மகரந்தத்தால் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி வைத்தியசாலை சென்றனர், 10 பேர் இறந்தனர். பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கு அதுவரை ஆஸ்துமா என்றே தெரியாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை இடிமழை எச்சரிக்கை வந்தால் யன்னலைச் சாத்தி உள்ளே இருங்கள். நீலப் பம்ப் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அடுத்த மாதம் வானலையில் சந்திப்போம்.