குழாயைத் திறக்காமலே மோட்டார் ஓடுகிறதா?

வணிகர்களில் பலருக்குக் கீழே கடை, மாடியில் வீடு. இத்தகைய கட்டடங்களில் குளியலறைக்குத் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று பிரஷர் பம்பு பொருத்திக்கொள்வது இப்போது வழக்கமாகிவிட்டது. குழாயைத் திறந்தால் மோட்டார் தானாக ஓடும். மூடினால் தானாக நிற்கும். ஆனால் இரவில் எல்லோரும் படுத்த பிறகு, ஒரு குழாயும் திறக்காத நேரத்தில், மோட்டார் ஓடி நிற்பதும் மீண்டும் ஓடி நிற்பதுமாக இருந்தால் அதை அலட்சியம் செய்யக் கூடாது.

உடனே மோட்டார் கெட்டுவிட்டது என்று புதிய மோட்டார் வாங்கிவிடுவோரும் உண்டு. பெரும்பாலும் குற்றம் மோட்டாரில் இல்லை.

வேலை செய்யும் விதம்

பம்புடன் ஒரு சிறு இரும்புத் தொட்டி இருக்கும். அதனுள் ஒரு ரப்பர் பை. பைக்குள் தண்ணீர், பைக்கு வெளியே காற்று. மோட்டார் ஓடும்போது தண்ணீர் பையில் நிறைந்து காற்றை அழுத்துகிறது. குழாயைத் திறந்ததும் அந்தக் காற்று தண்ணீரைத் தள்ளுகிறது. அழுத்தம் 20 பவுண்டுக்கு இறங்கினால் மோட்டாரை ஓட்டவும், 40 பவுண்டுக்கு ஏறினால் நிறுத்தவும் பிரஷர் சுவிட்சை அமைத்திருப்பார்கள். இந்த அளவு பம்புக்குப் பம்பு மாறும்.

ஆகவே குழாய் திறக்காமலே மோட்டார் ஓடுகிறது என்றால், தண்ணீர் எங்கோ வெளியேறுகிறது என்று பொருள். 24 லிட்டர் தொட்டியில் ஒரு தடவைக்குச் சேர்ந்து செலவாகும் தண்ணீர் சுமார் 8 லிட்டர். அரை மணிக்கு ஒரு முறை மோட்டார் ஓடினால் நாளைக்கு 48 முறை; அதாவது 384 லிட்டர்! மேலும், ஓடத் தொடங்கும் கணத்தில் மோட்டார் வழக்கத்தைப் போல 5, 6 மடங்கு மின்சாரம் இழுக்கிறது. அடிக்கடி தொடங்கினால் வைண்டிங் சூடாகும். சுவிட்சின் முனைகள் கருகும்.

கண்டுபிடிக்கும் முறை

1. தொட்டியிலிருந்து வீட்டுக்குப் போகும் குழாயில் உள்ள வால்வை மூடுங்கள். மோட்டார் ஓடி நின்றதும் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு, பிரஷர் மீட்டரின் முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்துப் பாருங்கள்.

2. முள் இறங்கியிருந்தால் குறை பம்புப் பக்கம். தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் மண் அல்லது உப்பு படிந்து அது சரியாக மூடாமல் இருக்கலாம். தொட்டியின் இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

3. முள் அசையாமல் நின்றால் கசிவு வீட்டுக்குள். முதலில் சந்தேகப்பட வேண்டியது கழிப்பறையின் ஃபிளஷ் தொட்டி. நம் கடையில் விற்கும் சொட்டு நீலத்தில் சில துளிகளை அதில் விட்டு, 20 நிமிடம் யாரும் பயன்படுத்தாமல் இருங்கள். கீழே பீங்கானில் நீலம் தெரிந்தால் கசிவு அங்கேதான். அடுத்து தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவுக் குழாய், கீஸர், மாடித் தோட்டக் குழாய் ஆகியவற்றைப் பாருங்கள்.

4. குழாயைத் திறந்திருக்கும்போது சில நொடிக்கு ஒரு முறை மோட்டார் விட்டுவிட்டு ஓடினால் அது வேறு குறை. தொட்டியில் காற்று குறைந்திருக்கும் அல்லது ரப்பர் பை கிழிந்திருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, குழாயைத் திறந்து தொட்டித் தண்ணீரை முழுவதும் வடித்துவிடுங்கள். தொட்டியிலுள்ள காற்று வால்வு கார் டயர் வால்வு போன்றதுதான். அதன் முனையை அழுத்தும்போது தண்ணீர் வந்தால் பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். காற்று மட்டும் வந்தால், மோட்டார் ஓடத் தொடங்கும் அளவைவிட 2 பவுண்டு குறைவாகக் காற்று நிரப்ப வேண்டும். 20-ல் தொடங்கும் பம்புக்கு 18 பவுண்டு.

பிரஷர் சுவிட்சின் மூடியைக் கழற்றித் திருகுவதை நாமே செய்யக் கூடாது. மின்சாரம் பாயும் இடம் அது, மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சரக்கைக் கவனியுங்கள்

மேற்கண்ட இடங்களில் எல்லாம் கசிவு இல்லையென்றால், சுவருக்குள் பதித்த குழாய்தான் மீதி. வணிகருக்கு உண்மையான ஆபத்து இங்கேதான். மாடிக் குளியலறைக்கு நேர் கீழே சரக்கு அறை இருந்தால், ஈரம் சுவர் வழியே இறங்கி மூட்டைகளைத் தொடும். சர்க்கரை கசியும், பருப்பில் பூஞ்சணம் பிடிக்கும். அடுக்கின் பின்புறம் நனைந்திருப்பது முன்மூட்டைகள் விற்ற பிறகே நமக்குத் தெரியும். சுவரை ஒட்டி அடுக்காமல் ஓர் அடி இடம் விட்டு, மரச்சட்டத்தின் மேல் அடுக்கினால் ஈரத்தை முன்கூட்டியே காணலாம்.

கல்லாவில் தினம் பத்து ரூபாய் குறைந்தால் நாம் தூங்குவதில்லை; எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்கிறோம். தண்ணீருக்கும் அதே கணக்குத்தான். இன்று இரவு கடை அடைத்த பின் ஒரு மணி நேரம், மோட்டார் எத்தனை முறை ஓடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு முறைகூட ஓடாவிட்டால் நிம்மதியாக உறங்கலாம். ஓடினால், காலையில் முதல் வேலையாக அந்த வால்வை மூடிச் சோதித்துவிடுங்கள்.