முறை தவறும் செல்கள்

பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், அரங்கன்குப்பம் ஊர்க்காரர்கள் நினைத்த நாளில் நினைத்த இடத்தில் சுத்துவலை கட்டிவிட முடியாது. யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்பதைப் 'பாடு' என்கிற முறை தீர்மானிக்கிறது. முறை தவறி இறங்குகிறவரை ஊர் நிறுத்தும். அரசு எழுதிக் கொடுக்காத இந்த ஏற்பாடுதான் இறாலுக்கான போட்டி அடிதடியாக மாறாமல் பல தலைமுறைகளாகக் காத்துவருகிறது.

உடம்புக்குள்ளும் இப்படி ஒரு பாடு உண்டு. செல் ஒன்று இரண்டாகப் பிரியும் முன், அதன் டி.என்.ஏ. பழுதில்லாமல் இருக்கிறதா என்று பார்க்கிற மரபணுக்கள் இருக்கின்றன. பழுதென்றால் பிரிவதை நிறுத்தி வைக்கும். சரிசெய்யவே முடியாத பழுதென்றால் அந்தச் செல்லைச் சாகவிடும். இவற்றைக் கட்டி ஒடுக்கி மரபணுக்கள் என்கிறார்கள். இவை செயலிழந்த செல்லைத் தடுக்க ஆளில்லை. அது பெருகிக்கொண்டே போகிறது. புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது.

பெரும்பாலான மரபணுக்கள் நமக்கு இரண்டு நகல்களாக வருகின்றன, ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். இரண்டும் கெட்டால்தான் ஆபத்து. இதை ஊகித்தவர் அமெரிக்க மருத்துவர் ஆல்ஃப்ரட் நட்சன். 1971இல் அவர் கையில் இருந்தது நவீனக் கருவி எதுவுமில்லை. ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனைக்கு வந்த 48 குழந்தைகளின் நோய்க் குறிப்புகள்தான். அத்தனை பேருக்கும் விழித்திரைப் புற்று. இரண்டு கண்ணிலும் நோய் வந்த குழந்தைகளுக்கு அது மிக இளம் வயதிலேயே வந்திருந்தது. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் சற்றுத் தாமதமாக வந்திருந்தது. முதல் வகையினர் ஒரு நகல் கெட்ட நிலையிலேயே பிறந்தவர்கள், இன்னொரு அடி விழுந்தாலே போதும். மற்றவர்களுக்கு ஒரே செல்லில் இரண்டு அடியும் பிறந்த பிறகு விழ வேண்டியிருக்கிறது என்று கணக்குப் போட்டுச் சொன்னார் நட்சன். 15 ஆண்டுகள் கழித்து, 1986இல் அந்த மரபணுவே பிடிபட்டது. ஆர்.பி.1 என்று பெயர், 13ஆம் குரோமோசோமில் இருக்கிறது. காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போன மருத்துவ ஆராய்ச்சிகள் அதிகமில்லை.

கண்ணில் வருகிற இந்தப் புற்றை வீட்டிலிருப்பவர்களே கண்டுபிடிக்க முடியும். குழந்தையின் கருவிழி நடுவே வெள்ளையாகப் பளபளக்கும், பூனைக்கண் போல. செல்போனில் பிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் விழுந்தால் மறுநாளே கண் மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பழவேற்காட்டிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் சென்னை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும் சங்கர நேத்ராலயாவும் அங்கே இருக்கின்றன. ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்த வீட்டில் மற்றப் பிள்ளைகளின் கண்களையும் காட்டிவிட வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழியைத் துடைத்துவிடலாம். "அக்கா மகளைக் கட்டினதாலதான் பிள்ளைக்கு இப்படி ஆச்சு" என்று பேசுவார்கள். சொந்தத்தில் மணம் முடிப்பதால் சில நோய்கள் கூடுவது உண்மைதான். இரு பக்கத்திலிருந்தும் கெட்ட நகல் வந்தால் மட்டுமே தலைகாட்டும் நோய்கள் அவை. விழித்திரைப் புற்றுக்குப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து ஒரு கெட்ட நகல் வந்தாலே போதும். பெற்றோர் இருவரும் நலமாக இருந்து, பிள்ளையிடம் புதிதாகவே பிழை தோன்றுவதும் நிறைய.

மார்பகப் புற்றிலும் பரம்பரைக்கு ஒரு பங்கு உண்டு, நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பேர் வரை. பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்ற இரண்டு மரபணுக்கள் இதில் முக்கியமானவை. டி.என்.ஏ.யில் விழும் முறிவுகளை ஒட்டவைப்பது அவற்றின் வேலை. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தின் ஆய்வாளர்கள், தென்னிந்தியக் குடும்பங்களில் இந்த மரபணுப் பிழைகளைத் தேடி 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பி.ஆர்.சி.ஏ.1இல் இரண்டே எழுத்துகள் விட்டுப்போன ஒரு பிழை அதில் இருந்தது. ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் பரவலாக இருப்பதாக உலகம் அறிந்த அதே பிழை! கப்பலேறி வந்ததோ என்று எண்ணத் தோன்றும், டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டிய பழவேற்காட்டுக்காரர்களுக்கு இன்னும் எளிதாகத் தோன்றும். ஆனால் ஓர் இந்தியக் குடும்பத்தை ஆராய்ந்து 2007இல் வெளிவந்த கட்டுரை, அந்தப் பிழை இங்கே தனியாகவே தோன்றியது என்று காட்டியது. இப்பிழை அப்பா வழியாகவும் வரும். ஆகவே மருத்துவர் குடும்ப வரலாறு கேட்டால் அம்மாவையும் பெரியம்மாவையும் சொல்லி நிறுத்திவிடாமல், அத்தைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

இத்தனைக்கும் பரம்பரைப் புற்று சிறுபான்மைதான். பெரும்பாலான புற்றுகளில் இரண்டு நகலும் பிறக்கும்போது நன்றாகவே இருந்தவை, வாழும் காலத்தில் கெட்டவை. அப்படிக் கெடுவதில் முதலிடம் பி53 என்ற மரபணுவுக்கு. அதன் புரதம் 1979இல் கண்டறியப்பட்டபோது அதைப் புற்றை உண்டாக்குவது என்றே நினைத்தார்கள். அது காவல்காரன் என்று தெளிய பத்தாண்டுகள் ஆயின. மனிதப் புற்றுக்கட்டிகளில் ஏறக்குறைய பாதியில் பி53 பழுதாகியிருக்கிறது. யானைக்கு இந்த மரபணு சுமார் 20 ஜோடி. அவ்வளவு பெரிய உடம்புக்கு அரிதாகவே புற்று வர அதுவும் காரணம் என்கிறார்கள். நமக்கு ஒரே ஜோடி.

அந்த ஒரு ஜோடியைப் புகையிலை குறிவைத்து அடிக்கிறது. பீடி, சிகரெட் புகையில் உள்ள ஒரு வேதிப்பொருள் பி53இன் குறிப்பிட்ட சில இடங்களில் போய் ஒட்டுவதையும், நுரையீரல் புற்றில் அதே இடங்களில் பிழை இருப்பதையும் 1996இல் காட்டினார்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் வலையோடு காத்திருக்கிற வேலையில் தூக்கத்துக்கும் பசிக்கும் வெற்றிலை, புகையிலை, மாவா துணையாக இருப்பது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் புகையிலை சேர்க்காத வெறும் பாக்கும் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004இல் அறிவித்துவிட்டது. கன்னத்தில் ஒரே பக்கம் அடக்கி வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கருப்பைவாய்ப் புற்றின் வழி வேறு. அங்கே இந்தக் காவல் மரபணுக்கள் கெட வேண்டியதே இல்லை. எச்.பி.வி. என்ற வைரஸ் தயாரிக்கும் இரண்டு புரதங்களில் ஒன்று பி53ஐ அழிக்கிறது, மற்றொன்று ஆர்.பி. புரதத்தை முடக்குகிறது. காவல் இரண்டும் ஒரே எதிரியிடம் வீழ்கின்றன. வைரஸைத் தடுத்துவிட்டால் இந்தப் புற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம் என்பதுதான் இதில் நல்ல செய்தி. 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக எச்.பி.வி. தடுப்பூசி போட, தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் ஒதுக்கியது.

எண்ணூர்ப் பகுதி அனல்மின் நிலையங்களிலிருந்து ஆற்றில் கலக்கும் சாம்பலும் புற்றுக்குக் காரணமா? நிலக்கரிச் சாம்பலில் ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றன, ஆர்சனிக் புற்றை உண்டாக்கும். ஆனாலும் ஒருவரின் கட்டியைக் காட்டி இது சாம்பலால் வந்தது என்று கை நீட்ட முடியாது. எத்தனை பேருக்கு, எந்த உறுப்பில் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தால்தான் அது தெரியவரும். அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை குப்பத்துக்காரர்களுக்கு இருக்கிறது. சாம்பல் ஆற்றில் கலப்பதை நிறுத்த மட்டும் எந்தக் கணக்குக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

வாயில் இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை, இவற்றில் எது இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பொன்னேரி அரசு மருத்துவமனையிலோ காட்டலாம். பெண்களுக்கு 30 வயதிலிருந்து கருப்பைவாய்ப் பரிசோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். புற்றாக மாறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, செல்கள் முறை தவறத் தொடங்கும்போதே, அதில் தெரிந்துவிடும்.