வெள்ளி மிக்-21 பச்சையானது எப்படி? ஒரு சாண் மாடலில் ஒளிந்திருக்கும் போர்க் கதை!

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு இந்திய விமானப்படை விடைகொடுத்தது. 1963-ல் படையில் சேர்ந்த விமானம். 62 ஆண்டு சர்வீஸ். அன்றைக்கு டிவியில் பார்த்தவர்களுக்கு மிக்-21 என்றாலே சாம்பல் நிறம்தான் மனதில் நிற்கும். ஆனால், பழைய படங்களைத் தேடிப் பார்த்தால் கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ஒரு படத்தில் எவர்சில்வர் டம்ளர் மாதிரி பளபளக்கிறது. இன்னொரு படத்தில் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக அப்பியிருக்கிறது. இரண்டுமே மிக்-21 எஃப்.எல். என்ற ஒரே ரகம். காலம்தான் வேறு.

இந்த வித்தியாசத்துக்காக ராத்தூக்கம் தொலைப்பவர்கள் ஒரு கூட்டம் இருக்கிறார்கள். ஸ்கேல் மாடல் செய்பவர்கள். எந்த வருஷத்து விமானம் என்று முடிவு செய்யாமல் அவர்களால் பெயின்ட் டப்பாவையே திறக்க முடியாது.

ஸ்கேல் மாடல் என்றால் பொம்மையா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால், கணக்கு துல்லியமானது. 1:72 அளவு என்றால் நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கு. சுமார் 15 மீட்டர் நீளமுள்ள மிக்-21, 1:72-ல் கிட்டத்தட்ட 21 சென்டிமீட்டர். அதாவது ஒரு சாண். 1:48 அளவில் செய்தால் 31 சென்டிமீட்டர். பிளாஸ்டிக் பாகங்கள் ஒரு அட்டைப்பெட்டியில் வரும். வெட்டி, ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். ஒட்டுவது சில நாள் வேலை. பெயின்டிங்தான் பொறுமையைச் சோதிக்கும்.

அதிலும் கஷ்டமானவை இரண்டு. ஒன்று, பெயின்டே அடிக்காத வெறும் உலோகம் போன்ற தோற்றம். இன்னொன்று, கேமஃபிளாஜ் எனப்படும் மறைநிறம். 1971 காலத்து இந்திய மிக்-21 செய்ய நினைத்தால் இரண்டும் வேண்டியிருக்கும்.

முதலில் ஏன் வெள்ளி நிறம்?

அது பெயின்ட் இல்லை, விமானத்தின் அலுமினியக் கலவைத் தோல். பெயின்ட்டுக்கும் எடை உண்டு. அதிவேகத்தில் மேலே ஏறி எதிரி விமானத்தை மறிக்க வேண்டிய மிக்-21-க்கு ஒளிந்துகொள்வது முக்கியமாகத் தெரியவில்லை. மூக்குக் கூம்பும் வால் நுனியும் மட்டும் பச்சை. உள்ளே ரேடார், ஆன்டெனா இருப்பதால் அந்த இடங்களில் உலோகம் வைக்க முடியாது. மற்றபடி முழுக்க உலோகப் பளபளப்பு.

1965 செப்டம்பர் 6 அந்த நிம்மதியைக் கலைத்தது. அன்று மாலை பதான்கோட் விமானத் தளத்தின் மீது பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் தாக்குதல் நடத்தின. தரையில் நின்றிருந்த சுமார் 10 இந்திய விமானங்கள் நாசமாயின. அவற்றில் 2 மிக்-21. அப்போது இந்தியாவிடம் இருந்ததே விரல் விட்டு எண்ணக்கூடிய மிக்-21-கள்தான்.

வானத்தில் எவ்வளவு வேகம் இருந்தாலும், தரையில் நிற்கும்போது விமானம் வெறும் இலக்கு. அதிலும் வெயிலில் மின்னும் உலோகம் மேலிருந்து பார்ப்பவருக்குத் தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். போருக்குப் பிறகு விமானங்களைக் காக்கக் கனமான சுவர்கொண்ட தங்குமிடங்கள் கட்டப்பட்டன. 1971 போர் நெருங்கியபோது மிக்-21-களின் உடம்பில் பச்சையும் பழுப்பும் ஏறின.

முக்கியமான விஷயம், இந்த மறைநிறம் தொழிற்சாலையில் ஒரே வரைபடத்தை வைத்து அடித்தது கிடையாது. பெரும்பாலும் படைப்பிரிவு அளவில், கையில் கிடைத்த பெயின்ட்டில் செய்தது. அதனால் ஒரு பிரிவு விமானம் மாதிரி இன்னொரு பிரிவு விமானம் இருக்காது. ஒரே பிரிவில்கூட இரண்டு விமானங்கள் அச்சு அசலாக ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

அமிர்தி புள்ளிமான் சொல்லும் ரகசியம்

மறைநிறம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க விமானத் தளத்துக்குப் போகத் தேவையில்லை. வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையடிவாரத்தில் இருக்கும் அமிர்திக்குப் போனால் போதும். அங்குள்ள உயிரியல் பூங்காவில் புள்ளிமான்கள் உண்டு. மரநிழலில் நிற்கும் ஒரு மானைக் கவனியுங்கள். முதுகு அடர் பழுப்பு, வயிறு வெள்ளை.

வெயில் மேலிருந்து விழுவதால் எந்த உருவத்துக்கும் முதுகு வெளிச்சமாகவும் வயிறு நிழலாகவும் தெரியும். அந்த வெளிச்ச வித்தியாசம்தான் 'இங்கே ஒரு உடம்பு நிற்கிறது' என்று கண்ணுக்குச் சொல்கிறது. முதுகு அடர்த்தியாகவும் வயிறு வெளுப்பாகவும் இருந்தால் அந்த வித்தியாசம் சமமாகி உருவம் தட்டையாகிவிடும். அமெரிக்க ஓவியர் ஆபட் தாயர் 1896-ல் இதை விளக்கி எழுதினார். மானின் வெள்ளைப் புள்ளிகள் செய்வது வேறு வேலை. இலை இடுக்கில் விழும் வெயில் பொட்டுகளோடு கலந்து உடம்பின் எல்லைக்கோட்டை உடைத்துவிடும்.

விமானத்திலும் இதே இரண்டு உத்திகள். மேலே பச்சை, பழுப்புத் திட்டுகள், தரையோடு கலக்க. கீழே வெளிர் நிறம், வானத்தோடு கலக்க. 1971-ன் அவசரத்தில் மேலே மட்டும் பச்சை அடித்துவிட்டு, அடிப்பகுதியை உலோகமாகவே விட்ட மிக்-21-களும் உண்டு. மாடலில் இரண்டு வேலையும் சேர்ந்து வருவது இங்கேதான்.

உலோகம்: 72 மடங்கு கணக்கு

கடையில் கிடைக்கும் சாதாரண சில்வர் பெயின்ட்டை அடித்தால் என்ன? கேட் கம்பிக்கு அடித்த மாதிரிதான் இருக்கும். காரணம் சிம்பிள். சில்வர் பெயின்ட்டில் நுண்ணிய உலோகத் துகள்கள் இருக்கும். ஒரு துகள் 0.05 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 72 மடங்கில் அது 3.6 மில்லிமீட்டர். நிஜ விமானத்தின் மேல் பொட்டுக்கடலையில் பாதி அளவுக்கு ஜிகினா ஒட்டியிருந்தால் எப்படி இருக்கும்? அதனால்தான் மாடல் செய்பவர்கள் மிக நுண்ணிய துகள் கொண்ட அல்கிளாட் போன்ற தனி வகை உலோக பெயின்ட்டைத் தேடுகிறார்கள்.

இதே கணக்கு கீறலுக்கும் பொருந்தும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத 0.02 மில்லிமீட்டர் கீறல், அந்த அளவில் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லிமீட்டர் பள்ளம். மற்ற பெயின்ட் கீறலை மூடிவிடும். உலோக பெயின்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

பைக் டேங்க்குக்கு பெயின்ட் அடிக்கும் பட்டறையைப் பார்த்திருந்தால் இந்த வரிசை புதிதாக இருக்காது:

* இணைப்புக் கோடுகளில் பட்டி வைத்து, 1000, 2000 என்று போகப்போக நைஸான வாட்டர் பேப்பரில் தேய்க்க வேண்டும்.
* அதன்மேல் பளபளப்பான கறுப்பு பெயின்ட். அது முழுதாகக் காய வேண்டும். அவசரப்பட்டால் மேல் பூச்சு மங்கிவிடும்.
* பிறகு ஏர்பிரஷ்ஷில் உலோக பெயின்ட். 12 முதல் 15 பி.எஸ்.ஐ. போன்ற குறைந்த அழுத்தத்தில், பனி படர்கிற மாதிரி மெல்லிய பூச்சுகளாக. கறுப்பு முழுக்க மறைவதற்குள் நிறுத்தினால்தான் ஆழம் தெரியும்.
* கடைசியாக, சில தகடுகளை மட்டும் விட்டு மற்றதை மாஸ்கிங் டேப்பால் மூடி, கொஞ்சம் அடர்ந்த அல்லது வெளிர்ந்த சாயல்.

கடைசிப் படியைத் தவிர்க்கக் கூடாது. நிஜ விமானத்தில் எல்லாத் தகடும் ஒரே மாதிரி மின்னாது. இன்ஜின் பகுதியில் சூடுபட்டு நிறம் மாறியிருக்கும். புதிதாக மாற்றிய தகடு தனியாகப் பளிச்சிடும். ஒரே சீராக மின்னும் மாடல் பொம்மையாகத்தான் தெரியும்.

பச்சை: அரை மில்லிமீட்டர் பிரச்னை

உலோகம் முடிந்ததும் அதன்மேல் பச்சையும் பழுப்பும். இரண்டு நிறம் சந்திக்கும் விளிம்பு எப்படி இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. நிஜத்தில் ஸ்ப்ரே செய்த விளிம்பு 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கிக் கலந்திருந்தால், 1:72 மாடலில் அது வெறும் 0.7 மில்லிமீட்டர். ஏர்பிரஷ்ஷை வெறும் கையால் பிடித்து அவ்வளவு மெல்லிய விளிம்பு அடிப்பது பழகிய கைக்கே கஷ்டம். அதனால் புளூடேக் என்ற களிமண் மாதிரியான பசையைப் புழு போல உருட்டி, நிற எல்லையில் வைத்து அடிப்பார்கள். உருண்டையின் வளைவில் கொஞ்சம் பெயின்ட் உள்ளே புகுந்து விளிம்பு மென்மையாகிவிடும். பிரஷ்ஷில் அடித்த விமானம் என்றால் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதற்கு மாஸ்கிங் டேப் போதும்.

நிறத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மாடலை 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்ப்பது, நிஜ விமானத்தை 21 மீட்டருக்கு மேல் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். தூரம் கூடக்கூட நிறம் வெளுத்துத் தெரியும். அதனால் அதே பச்சையை அப்படியே அடித்தால் மாடலில் கறுப்பாகத் தெரியும். சில சொட்டு வெளிர் சாம்பல் கலந்தால் சரியாகிவிடும்.

தேய்ந்த இடத்தில்தான் கதை

அவசரமாக அடித்த பெயின்ட் நிலைக்காது. ஏணி வைக்கும் இடம், மெக்கானிக் கால் வைக்கும் இறக்கை ஓரம், அடிக்கடி திறக்கும் மூடிகள் எனப் பச்சை உரிந்து உலோகம் எட்டிப் பார்க்கும்.

இதைக் காட்ட ஒரு எளிய வழி, ஹேர் ஸ்ப்ரே. ஆமாம், தலைக்கு அடிப்பதுதான். உலோகப் பூச்சின்மேல் கிளியர் கோட், அதன்மேல் ஹேர் ஸ்ப்ரே, அதற்கும் மேல் அக்ரிலிக் பச்சை. காய்ந்ததும் லேசாகத் தண்ணீர் தொட்டு, பிரஷ்ஷால் தேய்த்தால் ஹேர் ஸ்ப்ரே கரைந்து பச்சை மட்டும் உரியும். கீழே இருக்கும் உலோகம் வெளியே வரும். 1971-ல் தளத்தில் நடந்த அதே வரிசை. முதலில் உலோகம், மேலே பச்சை, பிறகு தேய்மானம்.

நம்ம ஊர் வெயிலில் கவனிக்க வேண்டியது

வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்தால் இங்கே சொதப்ப வாய்ப்பு அதிகம். சென்னை மழைக்காலத்தில் லாக்கர் வகை பெயின்ட் அடித்தால், காற்றின் ஈரம் பூச்சில் சிக்கி வெள்ளையாகப் பூத்துவிடும். வேலூர் வெயிலில் பிரச்னை தலைகீழ். அக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், அல்லது மாடலில் படுவதற்குள் காய்ந்து சொரசொரப்பாக உட்காரும். ரிட்டார்டர் என்ற காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் சில சொட்டு சேர்க்கலாம். காலை நேரத்தில் அடிக்கலாம். லாக்கர் என்றால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். துணி மாஸ்க் போதாது, ரசாயன ஆவியை வடிகட்டும் மாஸ்க் கட்டாயம்.

எந்தப் பச்சை சரி?

கடைசியில் எல்லாரும் முட்டி நிற்கும் இடம் இதுதான். 1971 படங்களில் பல கறுப்பு-வெள்ளை. கலர் படங்கள் இருந்தாலும் காலப்போக்கில் ஃபிலிமே நிறம் மாறியிருக்கும். காட்சிக்கு வைத்த விமானங்களைப் பார்க்கலாம் என்றால், பெங்களூரு ஹெச்.ஏ.எல். பாரம்பரிய அருங்காட்சியகம் போன்ற இடங்களில் இந்திய விமானங்களை நேரில் காணலாம். உருவம், தகடுகளின் கோடுகள், ஆணி வரிசை ஆகியவற்றுக்கு அது அருமையான பாடம். ஆனால், வெயிலிலும் மழையிலும் நிற்கும் விமானங்களுக்கு அவ்வப்போது புது பெயின்ட் அடிக்க வேண்டியிருக்கும். இன்று தெரியும் நிறம் போர்க்கால நிறம்தான் என்று நம்பிவிட முடியாது.

அதனால் அனுபவசாலிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 'ஒரு மிக்-21' என்று செய்யாதே, வால் எண் தெரிகிற, தேதி தெரிகிற ஒரே ஒரு படத்தைப் பிடித்து அந்த விமானத்தைச் செய். 1971 டிசம்பர் 14 அன்று டாக்கா கவர்னர் மாளிகையைத் தாக்கிய மிக்-21-ஐச் செய்ய வேண்டுமா? அந்தப் படைப்பிரிவின் அந்த மாதத்துப் படம் வேண்டும். 1968 அணிவகுப்பு விமானம் என்றால் உலோகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உலகம் முழுக்க 11,000-க்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் மிக்-21. இந்தியாவில் இனி அது பறக்காது. தளத்தில் நின்று பச்சை அடித்தவர்கள் என்ன நிறம் கலந்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்பதெல்லாம் முழுதாக ஆவணமாகவில்லை. வீட்டில் பழைய விமானப்படை ஆல்பம் இருந்தால், அதில் விமானத்தின் முன் நின்று எடுத்த ஒரு மங்கலான படம் இருந்தால், தூக்கிப் போடாதீர்கள். ஸ்கேன் செய்து, தேதியும் இடமும் தெரிந்தால் பின்னால் எழுதி வையுங்கள். முகத்துக்குப் பின்னால் தெரியும் அந்த இறக்கை, யாரோ ஒருவர் பல வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கும் பச்சையாக இருக்கலாம்.