அத்தை ஏன் பேசவில்லை?

காலை நிகழ்ச்சி முடிந்து ஒலிபரப்புக் கூடத்தை விட்டு வெளியே வந்ததும் எனக்கு வரும் முதல் அழைப்பு, ஈப்போவில் இருக்கும் என் அத்தையுடையதுதான். "இன்னிக்கு ரொம்ப வேகமா பேசிட்ட, நிதானமா பேசும்மா" என்பார். பல ஆண்டுகளாகத் தவறாத இந்த விமர்சனம் திடீரென்று நின்றது. நான் அழைத்தாலும் எடுப்பதில்லை. "அப்புறம் பேசறேன்" என்று புலனத்தில் ஒரு வரி வரும். ஏதோ கோபம் என்றே நினைத்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அத்தையால் பேச முடியவில்லை.

வலது கன்னத்தில் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு. சில விநாடிகள்தான், பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். மறுபடி இன்னொன்று. பல் துலக்கினால் வரும், முகம் கழுவினால் வரும், மின்விசிறிக் காற்று பட்டாலும் வரும். வீடு நிறைய முறுக்கு சுட்டு அடுக்கியிருந்தவர், அதில் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. பல்வலி என்று நினைத்து இரண்டு கடைவாய்ப் பற்களையும் பிடுங்கியிருந்தார். பற்கள் போயின, வலி போகவில்லை.

எனக்கு அந்தப் பல் மருத்துவர் மீது கோபம்தான். ஆனால் நரம்பியல் நிபுணர் விளக்கிய பிறகு கொஞ்சம் தணிந்தது. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்வது ட்ரைஜெமினல் எனும் ஐந்தாவது மூளை நரம்பு. நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று என அதற்கு மூன்று கிளைகள். பற்களின் உணர்ச்சியும் அதே வழியாகத்தான் போகிறது. அதனால் நரம்பில் கோளாறு என்றாலும் பல் வலிப்பதாகவே தோன்றும்.

கோளாறு எங்கே? பெரும்பாலோருக்கு, இந்த நரம்பு மூளைத் தண்டில் சேரும் இடத்தில் ஒரு ரத்தக்குழாய் அதன்மேல் அழுத்திக்கொண்டு கிடக்கிறது. ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் அங்கே ஓர் இடி. நாளடைவில் நரம்பின் மேலுறை தேய்கிறது. உறை தேய்ந்த மின்கம்பி என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிலருக்குக் கட்டியாலோ, மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாலோ இது வரலாம். அதனால்தான் எம்ஆர்ஐ எடுக்கிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இது அதிகம்.

முதலில் கொடுப்பது கார்பமசெபைன் மாத்திரை. வழக்கமான வலி மாத்திரைகள் இதற்கு வேலை செய்வதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆசியர்களில் சிலருக்கு எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை உண்டு. அவர்களுக்கு இந்த மருந்து தோலை உரித்துவிடும் கடுமையான ஒவ்வாமையைத் தரலாம். சிங்கப்பூரில் 2013 முதல், இம்மருந்தைப் புதிதாகத் தொடங்கும் ஆசியர்களுக்கு முன்கூட்டியே ரத்தத்தில் இதைச் சோதிக்கிறார்கள். நம் வீட்டில் யாருக்காவது எழுதிக் கொடுத்தால் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

அத்தைக்கு அந்தச் சோதனையில் சிக்கலில்லை. வலியும் குறைந்தது. ஆனால் அளவைக் கூட்டக் கூட்ட, தலைசுற்றலும் தள்ளாட்டமும் வந்தன. ரத்தத்தில் சோடியமும் இறங்கியது. அப்போதுதான் அறுவை சிகிச்சைப் பேச்சு வந்தது. "மண்டையைத் திறக்கறதா? நான் வரலை" என்று விட்டார். நடிகர் சல்மான் கானுக்கும் இதே வலிதான், 2011இல் அமெரிக்கா போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டார் என்றேன். "அவருக்குக் காசு இருக்கு" என்றார்.

ரத்தக்குழாய் அழுத்துவதை வால்டர் டேண்டி என்ற அமெரிக்க மருத்துவர் 1930களிலேயே கவனித்துச் சொன்னார். 1960களில் நுண்ணோக்கியின் துணையோடு அதைச் சரிசெய்யும் முறையை வளர்த்தவர் பீட்டர் ஜனெட்டா. காதுக்குப் பின்னால் 50 காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய துளை. அதன் வழியே குழாயை நரம்பிலிருந்து விலக்கி, இடையில் டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். ஆம், தோசைக் கல்லில் பூசும் அதே டெஃப்லான்! நரம்பை வெட்டுவதில்லை. 1,185 பேரைத் தொடர்ந்து கவனித்து அவரது குழு 1996இல் வெளியிட்ட ஆய்வில், பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் 70 விழுக்காட்டினர் மருந்தின்றி, வலியின்றி இருந்தனர். செவித்திறன் குறைவது, முகம் மரத்துப்போவது, அரிதாகப் பக்கவாதம் போன்ற அபாயங்களும் உண்டு. மயக்க மருந்தைத் தாங்காத உடல்நிலை என்றால் காமா கதிர்வீச்சு, ஊசிவழி நரம்பைச் சுடுவது போன்ற வழிகள் இருக்கின்றன. அவற்றில் முகம் மரத்துப்போக வாய்ப்பு கூடுதல். கதிர்வீச்சு பலன் தரச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம்.

அத்தையின் மனத்தை மாற்றியது இந்தக் கணக்கெல்லாம் இல்லை. பேரன் கன்னத்தில் முத்தம் கொடுக்க வந்தபோது, அவனைத் தள்ளிவிட்டார். அன்றிரவே "தேதி கேளு" என்று செய்தி அனுப்பினார்.

சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். வலது காது மட்டும் இன்னும் அடைத்ததுபோல் இருக்கிறதாம். அதனால் இப்போதெல்லாம் போனை இடது காதில் வைத்துக்கொண்டுதான் அழைக்கிறார். நேற்று நான் போட்ட இரண்டாவது பாட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. இருபது நிமிடம் அதைப் பற்றியே பேசினார்.