1998இன் வீராம்பட்டினம் ஏன் தொலைக்காட்சியில் இல்லை?

கடந்த கோடை விடுமுறையில் என் மகள் 'யே மேரி ஃபேமிலி' என்ற இந்தித் தொடரைப் பார்த்து முடித்தாள். 2018இல் இணையத்தில் வெளியான தொடர் அது. 1998ஆம் ஆண்டின் கோடைக்காலம், ஜெய்ப்பூரில் ஒரு நடுத்தரக் குடும்பம், பன்னிரண்டு வயதுச் சிறுவன், 'படி படி' என்று அவனை விரட்டும் தாய்; ஏழே அத்தியாயங்கள். கடைசி அத்தியாயம் முடிந்ததும், "அப்பா, அப்ப நீங்களும் சின்னப் பையன்தானே? போட்டோ காட்டுங்க" என்றாள். வீராம்பட்டினத்தில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது எங்கள் வீடு. 2004 டிசம்பர் 26 அன்று வீட்டுக்குள் வந்த கடல், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பத்தையும் கொண்டுபோய்விட்டது. அவளுக்குக் காட்ட என்னிடம் எதுவுமில்லை.

ஜெய்ப்பூர்ச் சிறுவனுக்குக் கிடைத்தது வீராம்பட்டினத்துச் சிறுவனுக்கு ஏன் கிடைக்கவில்லை என்று யோசிக்க வைத்தது அந்தக் கேள்வி.

கடந்துபோன ஒரு பத்தாண்டில் பதின்பருவத்தினர் வளர்ந்த கதையை நகைச்சுவைத் தொடராக்குவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய பழக்கம். ஐம்பதுகளின் இளைஞர்களைக் காட்டிய 'ஹேப்பி டேஸ்' 1974இல் தொடங்கியது. 1988இல் வந்த 'தி வொண்டர் இயர்ஸ்' 1968இல் தொடங்கும் கதையைச் சொன்னது. 1998இல் வந்த 'தட் செவன்டீஸ் ஷோ' 1976க்குப் போனது. இடைவெளி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் என்பது தற்செயல் அல்ல. அன்று பதினைந்து வயதில் இருந்தவர்தான் இன்று தொடரை எழுதுகிறார்; அவருடைய வகுப்புத் தோழர்கள்தான் இன்று குடும்பத்துக்குப் பொருள் வாங்குகிறார்கள், விளம்பரதாரர்களுக்கும் அவர்களே தேவை. அவர்களுடைய பிள்ளைகளும் அதே வயதை எட்டியிருப்பார்கள். இரு தலைமுறைகள் ஒரே சோபாவில் உட்கார்ந்து சிரிக்கக்கூடிய காலம் அதுதான்.

இத்தகைய தொடரில் நகைச்சுவை பிறக்கும் இடமும் தனி. பாத்திரங்களுக்குத் தெரியாதது பார்ப்பவருக்குத் தெரியும். எந்தக் கருவி குப்பைக்குப் போகும், எந்த நம்பிக்கை பொய்க்கும் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். சிரிப்பும் துயரமும் அந்த ஒரே அறிவிலிருந்துதான் வருகின்றன. 'தி வொண்டர் இயர்ஸ்' தொடரில், வளர்ந்துவிட்ட நாயகனின் குரலே சிறுவனின் கதையைச் சொல்லும். இந்த உத்தியின் மிகத் தெளிவான வடிவம் அது. 'தட் செவன்டீஸ் ஷோ' காலத்தை வேறு விதமாகச் சமாளித்தது. நான்கு ஆண்டுகூட நிரம்பாத ஒரு காலத்தை எட்டு ஆண்டுகள், 200 அத்தியாயங்கள் இழுத்தது. நம் நெடுந்தொடர்களை மட்டும் குறைசொல்ல வேண்டியதில்லை.

தமிழில் பள்ளிப் பிள்ளைகளின் தொடருக்குப் பஞ்சமில்லை. 2006இல் விஜய் தொலைக்காட்சியில் வந்த 'கனா காணும் காலங்கள்' ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டது. ஆனால் அது தன் நிகழ்காலத்தைத்தான் காட்டியது. வாராந்திர நகைச்சுவையும் நமக்கு இருந்தது. நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யை மறந்தவர் குறைவு. பிறகு தினசரித் தொடர் வந்து வாராந்திரத் தொடரை ஓரங்கட்டியது. தினசரித் தொடர் பஞ்சாங்கத்தோடு ஓடுவது: வெளியே பொங்கல் என்றால் கதையிலும் பொங்கல், வெளியே ஆடி என்றால் கதையிலும் கூழ். என்றென்றும் 'இன்று' மட்டுமே உள்ள அந்த வடிவத்துக்குள் கடந்த காலத்தால் நுழைய முடியாது. நேற்றைய தெருவை அமைக்கச் செலவும் ஆகும். ஆகவே நம் கடந்த காலத்தைத் திரைப்படத்திடம் ஒப்படைத்தோம். அது 'ஆட்டோகிராஃப்', '96' எனப் பெரும்பாலும் நிறைவேறாத காதலையே தேர்ந்தெடுத்தது. குழந்தைகளின் அழுக்குச் சட்டைக்கும் தந்தையரின் சிறு பொய்களுக்கும் அங்கே இடம் குறைவு.

எங்கள் ஊரின் நிலை இதில் இன்னும் விசித்திரமானது. பக்கத்திலேயே அரிக்கமேடு. 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழாய்வு செய்தார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்தியத் தரைக்கடல் நாடுகளிலிருந்து எத்தகைய சாடிகளில் திராட்சை மது வந்து இறங்கியது என்பது இன்று ஆய்வாளர்களுக்குத் தெரியும். அதே கரையில் 1998இல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் எதற்குச் சிரித்தார்கள் என்பதற்கு ஓர் ஓடுகூட இல்லை.

ஆனால் ஞாபகம் இருக்கிறது. அந்த ஆண்டு ஏப்ரல் 22 அன்று ஷார்ஜாவில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடின. எங்கள் தெருவின் ஒரே வண்ணத் தொலைக்காட்சி முன்னால் ஊரே உட்கார்ந்திருந்தது. சச்சின் ஆடிக்கொண்டிருந்தபோது மணற்புயல் எழுந்து ஆட்டம் நின்றது. எல்லோரும் தலையில் கைவைத்தோம். கட்டுமரத்தில் போய்வரும் என் அப்பா மட்டும் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "இது கச்சான் காத்து, அரை மணியில அடங்கிடும்" என்றார். ஷார்ஜா எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. அரை மணிக்குள் ஆட்டம் தொடங்கியது. அதன் பிறகு ஒரு மாதம், கடலுக்குப் போகுமுன் அவரிடம் காற்று கேட்க ஆட்கள் வந்தார்கள். ஆடி கடைசி வெள்ளியில் செங்கழுநீர் அம்மன் தேர் ஓடும்வரை அந்தப் பெருமை நீடித்தது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்து வழக்கப்படி ஆளுநர் வந்து வடம் பிடிக்கும் தேர் அது. வடம் தொடுமுன் ஆளுநர் தன்னிடம் காற்றைக் கேட்காதது அப்பாவுக்குச் சிறு வருத்தம்.

ஒரு முழு அத்தியாயத்துக்கு இது போதும். அடுத்த கேள்விதான் கடினமானது. பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும் என்பது இவ்வகைத் தொடரின் விதி என்றால், 1998இன் வீராம்பட்டினத்தைப் பார்ப்பவருக்கு 2004 தெரியும். அதை வைத்துக்கொண்டு எப்படிச் சிரிப்பது?

வட அயர்லாந்தின் டெர்ரி நகரம் இதற்கு வழி காட்டியிருக்கிறது. அங்கே வளர்ந்த லிசா மக்கீ எழுதிய 'டெர்ரி கேர்ள்ஸ்' 2018 முதல் 2022 வரை 19 அத்தியாயங்களாக வந்தது. தொண்ணூறுகளின் குண்டுவெடிப்புகளுக்கும் ராணுவச் சோதனைகளுக்கும் நடுவே பள்ளி மாணவிகள் அடிக்கும் கூத்துதான் கதை. முதல் பருவத்தின் இறுதியில் பிள்ளைகள் மேடையில் ஆடிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் பெரியவர்கள் குண்டுவெடிப்புச் செய்தியைப் பார்த்து உறைந்து நிற்பார்கள். இரண்டும் மாறி மாறி வரும். எதுவும் விளக்கப்படுவதில்லை. அந்தத் துணிவு வெளியூர்க்காரருக்கு வந்திருக்காது என்று நினைக்கிறேன். வெளியூர்க்காரர் எங்கள் ஊரை எடுத்தால் முதல் காட்சியிலேயே அலையைக் கொண்டுவந்துவிடுவார்.

மகளிடம் கேட்டேன். "தேர்த் திருவிழாவோட முடிச்சிடுங்கப்பா, அதுக்கு மேல போக வேணாம்" என்றாள். பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "ஏன்டி, அந்த வருசமும் நாங்க சிரிச்சோம்" என்று தொடங்கினாள். நிவாரணமாக மூட்டை மூட்டையாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. என் மாமாவின் பங்குக்கு வந்தது முழங்கால்வரை நீண்ட கம்பளிக் கோட்டு. மாற்றுத்துணி இல்லாததால் மூன்று நாள் அதைப் போட்டுக்கொண்டு, வியர்த்து வழிய, கடற்கரையில் உடைந்த மரங்களை அவர் பொறுக்கினாராம். "வெள்ளைக்காரன் திரும்ப வந்துட்டான்டா" என்று முதலில் கத்தியது அப்பாதானாம்.

"கோட்டு இப்ப எங்க ஆயா?" என்றாள் மகள்.

"வலைக்கு மேல போர்த்தி வச்சிருந்தான். எலி கடிச்சிடுச்சு."