குற்றம் பிறவியிலேயே வருகிறதா?

பல்கலைக்கழகங்களில் குற்றவியல் என்று ஒரு படிப்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதற்கெனத் தனித் துறையே இருக்கிறது. இன்ன குற்றத்திற்கு இன்ன தண்டனை என்று சட்டம் சொல்லும். ஒருவன் ஏன் அந்த வழிக்குப் போனான் என்று கேட்பது குற்றவியல்.

நம் காஹாங் வட்டாரத் தோட்டங்களில் ஒரு பையன் தவறு செய்தால், "அது அவன் ரத்தத்திலேயே ஊறியது" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். படித்தவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். தாடையையும் மண்டையையும் பார்த்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுகொள்ளலாம் என்று 1876-இல் லோம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவர் எழுதினார். வேடிக்கையாக இருக்கிறதல்லவா? ஆனால் இத்தகைய எண்ணம் சட்டமானபோது நம்மவர் பட்ட பாடு வேடிக்கையல்ல. 1871-இல் வெள்ளையர் அரசு இந்தியாவில் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்துப் பிரமலைக் கள்ளர்கள், தவறே செய்யாவிட்டாலும் கைரேகை பதிய வேண்டும். இரவில் போலீசாரிடம் ஆஜராக வேண்டும். 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது, பலர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947-இல்தான்.

ரத்தம் என்ற வாதத்தை அசைத்தவர்கள் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்து ஷா, மெக்கே என்ற இருவர். சிறுவர் நீதிமன்றப் பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொரு பையனின் வீட்டையும் நகரப் படத்தில் புள்ளியிட்டுக் குறித்தார்கள். ஆலைகளை ஒட்டிய ஏழ்மையான பகுதிகளில் புள்ளிகள் மொய்த்தன. அங்கே முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். பின்பு இத்தாலியரும் போலந்துக்காரரும் குடிவந்தார்கள். ஆட்கள் மாறியும் புள்ளிகள் அதே இடத்தில்தான் மொய்த்தன. வெளியேறிப் போனவர்களின் பிள்ளைகளிடம் குற்றம் குறைந்தது. ரத்தம்தான் காரணமென்றால் அது அவர்கள் கூடவே போயிருக்க வேண்டுமே! இந்த ஆராய்ச்சி 1942-இல் நூலாக வந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது; உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்தியர் என்றது. உடனே இனத்தின்மேல் பழி விழுந்தது. குற்றவியல் படித்தவர் வேறு கேள்வி கேட்பார். ரப்பர்த் தோட்டங்கள் விற்கப்பட்டபோது கோயிலையும் பள்ளியையும் லயத்தையும் விட்டுப் பட்டணத்துப் புறம்போக்கு வீடுகளுக்குப் போன குடும்பங்கள் எத்தனை? தோட்டத்தில் பிள்ளை பள்ளிக்கு மட்டம் போட்டால், பக்கத்து வீட்டு அத்தை மாலைக்குள் சொல்லிவிடுவார். அங்கே சொல்ல யார் இருந்தார்?

ஷா படம் வரைந்ததோடு நிற்கவில்லை. 1930-களில் அந்தப் பகுதிகளில் வசித்தவர்களையே கூட்டி, பிள்ளைகளுக்கு விளையாட்டும் முகாமும் நடத்தும் பொறுப்பை அவர்களிடம் விட்டார். சிறையிலிருந்து திரும்பியவர்களும் அதில் வேலை செய்தார்கள்.