மந்தைவெளியில் பிளாட் வாங்கியாச்சா? விற்றவர் ஊரில் இருக்கும்போதே பெயரை மாத்துங்க!

சென்னை, மந்தைவெளியில் முதல் முறையாக சொந்த வீடு வாங்கும் பலருக்கு கிடைப்பது தனி வீடு அல்ல. 30, 40 வருஷத்துக்கு முன்பு கட்டிய, லிப்ட் இல்லாத பழைய பிளாட்தான்.

பத்திரம் பதிஞ்சாச்சு, சாவி கைக்கு வந்தாச்சு, பால் காய்ச்சியாச்சு. இதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்து விடுகிறார்கள். உண்மையில் அலைச்சலே இனிமேல்தான்.

சொத்து வரி மாநகராட்சியில் இருக்கிறது. தண்ணீர் வரி குடிநீர் வாரியத்தில், கரண்ட் இணைப்பு மின் பகிர்மான கழகத்தில், பட்டா வருவாய்த்துறையில். பத்திரம் கைமாறினாலும் இந்த நாலு இடத்திலும் பழைய உரிமையாளர் பெயரே ஓடிக்கொண்டு இருக்கலாம். கம்ப்யூட்டர் வந்த பிறகு சில இடங்களில் தானாக மாறுவதும் உண்டு. மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது வாங்கியவர் பொறுப்பு.

கையெழுத்துக்கு அமெரிக்கா போகணுமா?

முதல் வேலை, பதிவான பத்திரத்தை நிதானமாக ஒரு தடவை படிப்பது. வங்கிக் கடனில் வாங்கியவர்களின் ஒரிஜினல் பத்திரம் வங்கிக்கு போய்விடும். அதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் ஜெராக்ஸ் எடுத்து வைக்க வேண்டும். பிறகு பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க சான்றிதழை இலவசமாக பார்க்கலாம். அதில் தங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

சென்னையில் பெரிய தலைவலி கதவு எண். பழைய எண், புது எண் என்று ஒரே வீட்டுக்கு ரெண்டு. பத்திரத்தில் ஒன்று, வரி ரசீதில் இன்னொன்று, கரண்ட் கார்டில் வேறொன்று என்று இருந்தால் பெயர் மாற்ற மனு திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

பத்திரத்திலேயே சர்வே எண், பரப்பளவு, இனிஷியல் ஏதாவது தப்பாக இருந்தால் பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதற்கு விற்றவரும் வந்து கையெழுத்து போட வேண்டும். சிக்கல் இங்கேதான்.

மயிலாப்பூர், மந்தைவெளி பக்கம் பழைய பிளாட்டை விற்பவர்களில் வயதானவர்கள் நிறைய. பணம் கைக்கு வந்ததும் அமெரிக்காவில் மகனிடமோ, பெங்களூரில் மகளிடமோ போய்விடுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர் இந்திய தூதரகத்தில் பவர் பத்திரம் எழுதி அத்தாட்சி வாங்கி அனுப்ப வேண்டும். இடையில் அவர் காலமாகிவிட்டால் வாரிசுகள் எல்லோரையும் தேட வேண்டும். ஒரு இனிஷியலுக்கு இவ்வளவு பாடு. அதனால் பத்திரம் பதிந்த சூட்டோடு சூடாக இதை பார்த்துவிட வேண்டும்.

வரி எண்ணை பாருங்க

சொத்து வரி பெயர் மாற்றத்துக்கு பத்திர நகலும், கடைசியாக வரி கட்டிய ரசீதும் தேவை. எந்த மண்டல அலுவலகம் என்று குழம்ப வேண்டாம். வரி எண்ணின் முதல் 2 இலக்கமே மண்டலம், அடுத்த 3 இலக்கம் வார்டு.

வரி ஆண்டுக்கு 2 தவணை. ஏப்ரல், அக்டோபர் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் ரூ.5 ஆயிரம் தள்ளுபடி. விட்டால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. பழைய பாக்கி இருந்தால் அது புது உரிமையாளர் தலையில்தான் விடியும். குடிநீர் வாரிய பாக்கியும், பிளாட் சங்கத்தின் பராமரிப்பு பாக்கியும் அப்படித்தான்.

கரண்ட் இணைப்பை மாற்றும்போது பழையவர் கட்டிய டெபாசிட் யாருக்கு என்பதையும் பேசி முடித்துவிட வேண்டும். மோட்டார், மாடிப்படி விளக்குக்கான பொது மீட்டரையும் கவனிக்கலாம். 10 வீடுகளுக்கு மேல் இல்லாத, 3 மாடிக்கு மிகாத, லிப்ட் இல்லாத குடியிருப்புகளுக்கு இந்த கட்டணத்தை அரசு 2023-ல் யூனிட் ரூ.8-ல் இருந்து ரூ.5.50 ஆக குறைத்தது. பிறகு கட்டணம் மாறினாலும் இந்த தனி பிரிவில் சேர்த்திருக்கிறார்களா என்று சங்கத்தில் கேட்பதில் தப்பில்லை.

மண் யாருடையது?

இந்த பகுதியில் கோவில் மனைகள் உண்டு. வீடு ஒருத்தர் பெயரில் இருக்கும், மனை கோவிலுக்கு சொந்தமாக இருக்கும், மாதாமாதம் மனை வாடகை போகும். அறநிலையத்துறை ஆணையர் அனுமதி இல்லாமல் கோவில் மனையை விற்றால் 1959-ம் ஆண்டு சட்டப்படி அந்த விற்பனையே செல்லாது. வருவாய்த்துறை இணையதளத்தில் நகர நிலஅளவை பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன்பே பார்ப்பவர்கள் புத்திசாலிகள்.

அடுத்தது பிரிக்கப்படாத பாகம். 1 கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடியில் 6 வீடு சமமாக இருந்தால் ஒருத்தருக்கு 400 சதுர அடி மண். பழைய பத்திரங்களை கூட்டிப்பார்த்தால் சில இடங்களில் 2,400-ஐ தாண்டும், சில இடங்களில் குறையும். கட்டிடம் நிற்கும் வரை யாரும் கவலைப்படுவதில்லை. இடித்து கட்டும்போதுதான் சண்டை.

முன்பெல்லாம் ஒருத்தர் மறுத்தாலே இடித்து கட்டுவது நின்றுவிடும். 2022-ம் ஆண்டு அடுக்குமாடி குடியிருப்பு உரிமை சட்டம் 2024 மார்ச்சில் அமலுக்கு வந்த பிறகு, மூன்றில் 2 பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். மந்தைவெளிக்கு மெட்ரோ சுரங்க ரெயில் நிலையமும் வருவதால் பில்டர்கள் கதவை தட்டுவார்கள். அன்றைக்கு பேரம் நடக்கப்போவது இந்த 400 சதுர அடியை வைத்துத்தான்.

ஆடி, மார்கழியில் குடிபோக மாட்டோம் என்று வாடகை வீட்டிலேயே இருப்பவர்கள் நிறைய. வாடகையும் கட்டி, வங்கி தவணையும் கட்டும் அந்த மாதத்தை மனு கொடுக்க பயன்படுத்தலாம். இதற்கு நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. குடிபோன பிறகு வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற படிவம் 8 கொடுக்க வேண்டும். மந்தைவெளி வருவது மயிலாப்பூர் தொகுதியில்.